ஸ்டேனேஜ்ல கிளப்போட ஒரு நாள்: காலையில மூர் நடை, மத்தியானம் பாறை (புதுசா வர்றவங்களுக்கு)

ஷெஃபீல்ட், மான்செஸ்டர், லீட்ஸ் பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்த நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப வாக்கிங் கிளப், கிளைம்பிங் கிளப்னு சேர்றாங்க. சேர்ந்துட்டு முதல் டே மீட், அதாவது கிளப்போட ஒரு நாள் பயணம், வந்ததும் என்ன எடுத்துட்டு போறது, அங்க போய் என்ன பண்றதுன்னு முழிக்கிறாங்க, அதுலயும் காலையில நடை, அப்புறம் கிளைம்பிங்னு ரெண்டையும் ஒரே நாள்ல போட்டிருந்தா குழப்பம் இன்னும் ஜாஸ்தி. இது அவங்களுக்காக எழுதுறது. இடம் பீக் டிஸ்ட்ரிக்ட்ல ஸ்டேனேஜ் எட்ஜ், மேட்டு நில ஓரத்துல சுவர் மாதிரி நீளமா நிக்கற பாறை விளிம்பு அது, ஏன்னா புது ஆளுங்கள கூட்டிட்டு போக பெரும்பாலான கிளப் முதல்ல யோசிக்கிற இடம் அதுதான், ரயிலும் இருக்கு, நடக்க மூர்ங்கற மேட்டு நிலமும் இருக்கு, ஏற பாறையும் இருக்கு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மண்டையில ஏத்திக்கோங்க. நடக்கறப்ப உடம்பு சூடாகி வேர்க்கும், பாறைக்கு போனதும் முக்காவாசி நேரம் சும்மா நிப்பீங்க. வேர்த்த உடம்போட காத்துல நிக்கறதுதான் இந்த நாளோட உண்மையான கஷ்டம், ஏறுறது இல்ல. நடைக்கு மட்டும் ரெடியாகி வர்றவங்க மூணு மணிக்கு பல்லு கிட்டிப் போய் உக்காந்திருப்பாங்க, கிளைம்பிங்குக்கு மட்டும் ரெடியாகி வர்றவங்க ஹை நெப் உச்சிக்கு போறதுக்குள்ள கால் கொப்புளம் வந்து நொண்டுவாங்க. கீழ சொல்ற பாதி விஷயம் இந்த ஒண்ணுக்காகத்தான்.

முதல் படி: பேர் குடுக்கறப்பவே உண்மைய சொல்லிடுங்க

கிளப்னா டூர் கம்பெனி இல்ல. கூட வர்றவங்க யாரும் காசு வாங்கிட்டு உங்கள பாத்துக்கற இன்ஸ்ட்ரக்டர் கிடையாது, அவங்களும் லீவு நாள்ல சந்தோஷமா ஏற வந்தவங்கதான். அதனால மீட் நடத்துறவருக்கு முன்னாடியே ஒரு மெசேஜ் போடுங்க: நான் இண்டோர் வால்ல ஏறிருக்கேன் இல்ல ஏறினதே இல்ல, பிலே பண்ண, அதாவது ஏறுறவரோட கயிற பிடிச்சு பாதுகாக்க, தெரியும் இல்ல தெரியாது, ஒரு நாளைக்கு இத்தன கிலோமீட்டர் நடந்து பழக்கம், ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்தா அதையும். கூச்சப்பட்டு "கொஞ்சம் தெரியும்"னு சொல்லி வைக்காதீங்க, அந்த கொஞ்சத்த நம்பி ஒருத்தர் உங்க கையில கயிற குடுத்துட்டு மேல ஏறுவாரு. தெரியாதுன்னா தெரியாது, அதுல ஒரு அசிங்கமும் இல்ல, உங்களோட ஏற பொறுமையான ஒரு லீடர, அதாவது கயிறோட முன்னால ஏறுறவர, யோசிச்சு வைக்க அவங்களுக்கு டைம் கிடைக்கும்.

பெரும்பாலான கிளப் பிஎம்சியோட, அதாவது பிரிட்டிஷ் மவுண்டனியரிங் கவுன்சிலோட இணைஞ்சிருக்கும். 1944ல ஆரம்பிச்ச அமைப்பு அது. கிளப் வழியா மெம்பரானா மூணாம் நபருக்கு நம்மால சேதம் வந்தா அதுக்கான லயபிலிட்டி இன்சூரன்ஸ் கூடவே வரும், நமக்கே கை கால் உடைஞ்சா குடுக்கற இன்சூரன்ஸ் அது இல்ல, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. மெம்பராகாம கெஸ்டா ஒண்ணு ரெண்டு தடவை வந்து பாக்க பல கிளப் விடுவாங்க. கேட்டுக்கோங்க.

இன்னொண்ணு, எழுபது வயசுக்காரரா இருந்தாலும் பேர் சொல்லித்தான் கூப்பிடணும். சார், அங்கிள்னு கூப்பிட்டா மனுஷன் நெளிவாரு. நமக்கு வாய் வராது, பழகிடும்.

ரெண்டாம் படி: வழியையும் நேரத்தையும் நீங்களும் போட்டுப் பாருங்க

மீட் நடத்துறவருக்கு தெரியும்னு விட்டுடாம மேப்ப ஒரு தடவை பாத்துட்டு வாங்க. ஆர்ட்னன்ஸ் சர்வேயோட எக்ஸ்ப்ளோரர் ஓஎல் 1, டார்க் பீக் ஷீட், 1:25,000 அளவு. சாயங்காலம் கிரிண்டில்ஃபோர்ட் பக்கம் இறங்கறதுக்கு ஓஎல் 24 வேணும். ஃபோன்ல அதே மேப்ப டவுன்லோட் பண்ணி வைங்க, சிக்னல நம்பாதீங்க.

எனக்கு பிடிச்ச வழி இது. ஹேதர்சேஜ் ஸ்டேஷன்ல இறங்கி, ஊர் வழியா மேல ஏறி நார்த் லீஸ் பக்கம் போய், ஹாலின் பேங்க் கார் பார்க்க தாண்டி, பிளான்டேஷன் மரங்களுக்கு நடுவுல கல் பாவின பழைய பாதையில எட்ஜ் மேல ஏறணும். மேல போனதும் இடது பக்கம் திரும்பி ஹை நெப், 458 மீட்டர், ஸ்டேனேஜோட உச்சி அதுதான். அங்கருந்து அதே எட்ஜ் விளிம்போட தென்கிழக்கா திரும்பி ராபின் ஹுட்ஸ் கேவ் வழியா பாப்புலர் எண்ட்ங்கற, நிறைய பேர் ஏறுற பகுதி. இதுவரைக்கும் சுமார் 9 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் பக்கம். அங்க கிளைம்பிங். முடிச்சுட்டு பர்பேஜ் பிரிட்ஜ், ஹிகர் டோர், கார்ல் வார்க், பேட்லி கோர்ஜ் வழியா கிரிண்டில்ஃபோர்ட் ஸ்டேஷன், இன்னொரு 6, 7 கிலோமீட்டர், பெரும்பாலும் இறக்கம். போறப்ப ஒரு ஸ்டேஷன், வர்றப்ப அடுத்த ஸ்டேஷன், அதனால கார் வச்சிருக்கறவங்க மாதிரி வந்த வழியே திரும்ப வேண்டியதில்ல.

நேரம் கணக்கு போட பழைய ஃபார்முலா ஒண்ணு இருக்கு, 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. இப்ப நாம பயன்படுத்துற மாதிரி சொன்னா, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் சேர்க்கணும். காலை பகுதிக்கு 9 கிலோமீட்டர்னா ஒரு மணி அம்பது நிமிஷம், ஏற்றத்துக்கு அரை மணி, ஆக ரெண்டே கால், ரெண்டரை மணி வருது. அது நிக்காம நடக்கற ஆளுக்கு. எட்டு பத்து பேர், ஒருத்தர் ஷூ லேஸ் கட்டுவாரு, ஒருத்தர் போட்டோ எடுப்பாரு, மூணு மணி நேரம்னு வைங்க. ஒன்பதரைக்கு ஸ்டேஷன்ல கிளம்பினா பன்னெண்டரைக்கு பாறை. சாப்பிட்டு ஒரு மணிக்கு ஆரம்பிச்சு நாலரை வரைக்கும் ஏறலாம்.

ஏன் நடை முதல்ல, கிளைம்பிங் அப்புறம்னா ஸ்டேனேஜ் தென்மேற்க பாத்து நிக்குது, வெயில் நல்லா விழுறது மத்தியானத்துக்கு மேலதான். ராத்திரி ஈரம் காயவும் அதுக்குள்ள நேரம் கிடைக்கும். ஜூன்ல ஒன்பது மணிக்கு மேலயும் வெளிச்சம் இருக்கும், கவலையே இல்ல. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்த பின்னால வச்சதுக்கப்புறம் நாலு, நாலரைக்கு இருட்டிடும், அப்ப ஹை நெப்ப விட்டுட்டு நேரா பாறைக்கு போறதுதான் புத்தி.

வானிலைக்கு சாதாரண ஃபோன் ஆப் பத்தாது. மெட் ஆபீஸ் பீக் டிஸ்ட்ரிக்டுக்குனு தனியா மலை வானிலை போடுது, அதுல மழைய விட காத்து வேகத்த பாருங்க. ஊர விட மேல ரெண்டு மூணு டிகிரி கம்மியா இருக்கும், அது பரவாயில்ல, காத்துதான் ஆள கொல்லும்.

மூணாம் படி: துணி

ஜீன்ஸ் வேணாம், காட்டன் டீஷர்ட் வேணாம். ரெண்டும் ஈரத்த பிடிச்சு வச்சுக்கும், காயாது. உடம்போட ஒட்டுற மாதிரி பாலியஸ்டரோ மெரினோ கம்பளியோ ஒரு பனியன், அதுக்கு மேல மெல்லிசா ஒரு ஃப்ளீஸ், அதுக்கு மேல மழைக்கும் காத்துக்கும் ஒரு வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட், கால்ல வேகமா காயற நைலான் பேண்ட். இது நடைக்கு.

நிக்கறதுக்கு தனியா ஒரு செட். இதத்தான் புதுசா வர்றவங்க விட்டுடறாங்க. காய்ஞ்ச பனியன் ஒண்ணு ஒரு கவர்ல போட்டு வைங்க, பாறைக்கு வந்த உடனே, மத்தவங்க கயிறு பிரிக்கற நேரத்துல ஈரத்த கழட்டி இத மாட்டுங்க, சாப்பிட்டுட்டு மாத்தலாம்னு தள்ளி வச்சா அதுக்குள்ள உடம்பு விறைச்சிடும். அதுக்கு மேல தடிமனா ஒரு பஃபர் ஜாக்கெட், குல்லா, கையுறை. ஜூலையா இருந்தாலும் குல்லா. வெயில்ல சிரிப்பா இருக்கும், நாலு மணிக்கு மேகம் மூடினதும் குல்லா இல்லாதவங்கதான் உங்கள பாப்பாங்க. நடக்கறப்ப ஃப்ளீஸ சீக்கிரம் கழட்டிடுங்க, கிளம்பறப்ப லேசா குளிருதுன்னா அதுதான் சரியான அளவு, பத்து நிமிஷத்துல சூடாகிடும்.

ஷூ, கணுக்கால் வரைக்கும் பூட்ஸ் கட்டாயம் இல்ல, அடியில பிடிப்பு இருக்கற ட்ரெய்ல் ஷூ போதும், ஆனா சாக்ஸ் ரெண்டு ஜோடி. கிளைம்பிங் ஷூ தனி, இல்லன்னா கிளப்ல கேட்டா பழசு கிடைக்கும், கயிறு கட்ட இடுப்புல மாட்டற ஹார்னஸ், ஹெல்மெட்டும் அப்படித்தான். சைஸ முன்னாடியே சொல்லிடுங்க.

மோதிரம், வளையல் வீட்டுலயே வச்சுட்டு வாங்க, பாறை வெடிப்புல விரல விட்டு ஏறுறப்ப மோதிரம் மாட்டினா விரலுக்கே ஆபத்து. தாலிச் சங்கிலி கழட்ட மாட்டேன்னா பனியனுக்குள்ள நல்லா உள்ள தள்ளிடுங்க. நீள முடி இறுக்கி பின்னல், இல்லன்னா கயிற பிடிச்சு நிறுத்தற பிலே பிளேட்ல மாட்டும்.

நாலாம் படி: பை

30லருந்து 35 லிட்டர் பை. தண்ணி ஒன்றரை லிட்டர், ஃபிளாஸ்க்ல டீ, ஹெட் டார்ச், விசில், சின்ன ஃபர்ஸ்ட் எய்ட், கொப்புளத்துக்கு பிளாஸ்டர், ஃபோன் பவர் பேங்க், குப்பைக்கு ஒரு கவர். சாப்பாடு உங்க இஷ்டம், ஆனா கையுறையோட சாப்பிடக்கூடியதா இருந்தா நல்லது. எலுமிச்சை சாதம், புளியோதரை எல்லாம் அருமையா தாங்கும், தயிர் சாதம் ஐஸ் ஆகிடும். சப்பாத்தி ரோல் பெஸ்ட். கொஞ்சம் ஜாஸ்தி கொண்டு போங்க, ஒரு தடவை நீட்டிட்டா அப்புறம் எல்லாரும் உங்க பக்கத்துலதான் உக்காருவாங்க.

கிளைம்பிங் சாமான் கனமானது. 50 மீட்டர் கயிறு மூணு கிலோவுக்கு மேல, அதோட பாறை வெடிப்புல சொருகற நட்ஸ், கேம்ஸ், கயிற மாட்டற வளையமான காரபினர்னு லீடரோட சாமான் இன்னும் சில கிலோ. ஸ்டேஷன்ல நின்னு கயிற நான் தூக்கிட்டு வரேன்னு கேளுங்க. புது ஆளா உங்களால குடுக்கக்கூடிய பெரிய உதவி அதுதான், யாரும் மறக்க மாட்டாங்க. சில கிளப்ல ஒருத்தர் கார்ல சாமான ஹாலின் பேங்க்ல கொண்டு வந்து வச்சிருப்பாரு, அப்ப தோள் தப்பிச்சது. டாய்லெட்டும் அந்தப் பக்கம்தான், அதுக்கப்புறம் சாயங்காலம் வரைக்கும் கிடையாது, கூச்சப்படாம போயிட்டு வந்துடுங்க. மேல அவசரம்னா தண்ணி ஓடுற இடத்த விட்டு தள்ளி, பாறை அடியிலயும் குகையிலயும் கண்டிப்பா வேணாம், டிஷ்யூவ கவர்ல போட்டு திருப்பிக் கொண்டு வாங்க.

அஞ்சாம் படி: மூர் மேல நடக்கறது

மூர்னா மரம் அதிகமில்லாம ஹெதர் செடியும் புல்லும் பரந்து கிடக்கற மேட்டு நிலம், அடியில பீட்ங்கற கருப்பு ஈர மண். பாக்க சமமா இருக்கும், பாதைய விட்டு இறங்கினா முழங்கால் வரைக்கும் உள்ள போகும். வெள்ளைப் பஞ்சு மாதிரி தலையாட்டுற புல் இருந்தா அந்த இடம் சேறு, சுத்திப் போங்க. ஆகஸ்ட்ல போனா மொத்த மூரும் ஊதா நிறத்துல பூத்திருக்கும், அந்த ஒரு மாசத்துக்காகவே பேர் குடுக்கலாம்.

இந்த நிலத்துல நாம இன்னைக்கு ஹாயா நடக்கறோம், முன்னாடி அப்படி இல்ல. பணக்காரங்க கிரௌஸ்னு ஒரு பறவைய சுடறதுக்காக மூர எல்லாம் பூட்டி வச்சிருந்தாங்க, காவல்காரங்க தடியோட நின்னாங்க. எட்ஜ் மேல நடக்கறப்ப பாறையில கிண்ணம் மாதிரி குடைஞ்சு பக்கத்துல நம்பர் செதுக்கி இருக்கறத பாப்பீங்க, அந்த கிரௌஸ் தண்ணி குடிக்க மழைத்தண்ணி சேர வெட்டினது அது. பறவைக்கு நம்பர் போட்டு தண்ணி, மில் தொழிலாளிக்கு உள்ள வரவே அனுமதி இல்ல. 1932 ஏப்ரல் 24 அன்னைக்கு பென்னி ராத்மன்ங்கற இளைஞர் முன்னால நின்னு, கொஞ்ச தூரத்துல இருக்கற கிண்டர் ஸ்கவுட் மேல சில நூறு பேர் கூட்டமா ஏறினாங்க, அஞ்சு பேர் ஜெயிலுக்கு போனாங்க. 1951ல பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டன்லயே முதல் தேசியப் பூங்காவா ஆச்சு, 2000ல வந்த சட்டம்தான் மூர்ல பாதைய விட்டும் நடக்கற உரிமைய குடுத்துச்சு. பசங்க மூச்சு வாங்கி நிக்கறப்ப சொல்ல நல்ல கதை.

அந்த உரிமையோட சில கட்டுப்பாடும் வருது. மார்ச் 1லருந்து ஜூலை 31 வரைக்கும் தரையில முட்டையிடுற பறவைங்களுக்காக நாய கயிற்றுல பிடிச்சுத்தான் கூட்டிட்டு போகணும். நெருப்பு, பார்பெக்யூ, சிகரெட் துண்டு எதுவும் வேணாம், பீட் மண்ணே எரியும், மேல அணைச்சாலும் அடியில நாள் கணக்கா புகையும். ஆட்டுக்கு இருக்கற கேட்ட எப்படி இருந்துச்சோ அப்படியே விட்டுட்டு போங்க.

எட்ஜ் மேல நடக்கறப்ப ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், கல்ல உதைக்காதீங்க, பாட்டில விளிம்புல வைக்காதீங்க. உங்க காலுக்கு நேர் கீழ 15, 20 மீட்டர்ல ஒருத்தர் ஏறிட்டு இருப்பாரு. காலையில நீங்க மேல நடக்கற ஆள், மத்தியானம் கீழ நிக்கற ஆள் நீங்கதான். தெரியாம ஏதாவது விழுந்துட்டா "பிலோ!"ன்னு கத்துங்க. கீழ நிக்கறப்ப அந்த சத்தம் கேட்டா மேல பாக்காதீங்க, பாறையோட ஒட்டிக்கோங்க.

பனிமூட்டம் வந்தா பயப்பட வேணாம், கூட்டத்தோட இருங்க, கடைசியா நடக்கறவர தாண்டி யாரும் பின்னால போகக் கூடாது. விளிம்பு ஒரு பக்கமா வழிகாட்டும், அத விட்டு மூர் உள்ள போனாத்தான் திசை தப்பும். எட்ஜுக்கு கீழ புல்லுல வட்ட வட்டமா பெரிய ஆட்டுக்கல் மாதிரி கிடக்கும், அந்தக் காலத்துல இதே பாறையில வெட்டி விக்க முடியாம விட்டுட்டு போன மாவரைக்கற கல்லுங்க, தேசியப் பூங்காவோட சின்னமே அதுதான்.

ஆறாம் படி: பாறைக்கு வந்தாச்சு

முதல் வேலை என்னன்னு மேல சொல்லிட்டேன், துணி மாத்துங்க.

இந்தப் பாறைக்கு கிரிட்ஸ்டோன்னு பேர், முப்பது கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய ஆத்தோட டெல்டாவுல சேர்ந்த மணல் இறுகினது. தொட்டாலே உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருக்கும். பிடிக்க கைப்பிடி கம்மி, எல்லாம் உருண்டையா இருக்கும், ஆனா ஷூ ரப்பர் சும்மா வச்சாலே நிக்கும். ஈரமா இருந்தா அந்த நம்பிக்கை எல்லாம் போயிடும், பச்சைப் பாசி படிஞ்ச இடத்த தொடவே வேணாம். லேசான தூறல் நின்னு காத்தடிச்சா ஒரு மணி நேரத்துல காஞ்சிடும், அதுதான் ஸ்டேனேஜோட வசதி.

இங்க இண்டோர்ல இருக்கற மாதிரி போல்ட் எதுவும் கிடையாது, கிரிட்ஸ்டோன்ல போல்ட் அடிக்கறதில்லன்னு எல்லாருக்கும் ஒரு கட்டுப்பாடு. முன்னால போறவர் வெடிப்புல நட்ஸ், கேம்ஸ் எல்லாம் தானே சொருகி கயிற மாட்டிட்டே போவாரு, இதுக்கு ட்ராட்னு பேர். பின்னால போறவர் அத எல்லாம் எடுத்துட்டே வரணும், அது செகண்ட். நீங்க முதல் நாள் செகண்ட்தான். சந்தோஷப்படுங்க, கயிறு மேலருந்து வருது, கால் வழுக்கினா கொஞ்சம் தொங்குவீங்க, அவ்வளவுதான்.

கிரேட், அதாவது ரூட்டோட கஷ்ட அளவு, அதோட பேர பாத்து பயப்பட வேணாம். மாடரேட், டிஃபிகல்ட், வெரி டிஃபிகல்ட், சிவியர், ஹார்ட் சிவியர், வெரி சிவியர்னு ஏறிட்டே போகும், அதுக்கு மேல ஹார்ட் வெரி சிவியர், அப்புறம் ஈ1, ஈ2. மாடரேட், டிஃபிகல்ட் எல்லாம் விக்டோரியா காலத்து ஆளுங்க வச்ச பேரு, டிஃபிகல்ட்னா இன்னைக்கு ரொம்ப சுலபத்துல சேர்த்தி. ஹாலிபுஷ் கிராக், ஹெவன் கிராக் ரெண்டும் வெரி டிஃபிகல்ட், புது ஆளுக்கு தங்கமான ரூட்டு. கிறிஸ்துமஸ் கிராக் ஹார்ட் சிவியர், டிசம்பர் 25 அன்னைக்கு அதுக்கு கியூவே நிக்கும். இன்னும் கொஞ்ச தூரத்துல ரைட் அன்கான்கரபிள்னு ஒண்ணு இருக்கு, 1949ல மான்செஸ்டர்ல பிளம்பிங் வேலை பழகின ஜோ பிரவுன் முதல்ல ஏறினது. அதே மனுஷன் 1955ல ஜார்ஜ் பேண்டோட கஞ்சன்ஜங்காவ முதன்முதலா ஏறினாரு. கீழ நின்னு பாத்துட்டு வாங்க, இன்னைக்கு ஏற வேணாம்.

வசந்த காலத்துல சில இடத்துல போர்டு வச்சிருப்பாங்க, ரிங் ஊசல்னு ஒரு கருப்புப் பறவை கூடு கட்டியிருக்கும், அந்த ரூட்ட விட்டுடணும். பக்கத்துல நூறு ரூட்டு இருக்கு.

ஏழாம் படி: ஏறுறது

ஹார்னஸ் மாட்டி பெல்ட் இடுப்பெலும்புக்கு மேல இருக்கான்னு பாருங்க, இழுத்தா கீழ வரக்கூடாது. எட்டு வடிவத்துல போடற ஃபிகர் எய்ட் முடிச்சு ஹார்னஸோட ரெண்டு லூப் வழியாவும் போகணும், மிச்ச நுனி ஒரு முழம் இருக்கணும். உங்க முடிச்ச லீடர் பாக்கணும், லீடரோட முடிச்ச நீங்க பாக்கணும், அவரு முப்பது வருஷமா ஏறினவரா இருந்தாலும் பாத்துட்டுத்தான் அனுப்பணும். யாரும் கோச்சுக்க மாட்டாங்க, பாக்காம விட்டாத்தான் கோச்சுக்குவாங்க.

அப்புறம் சத்தம். லீடர் உச்சிக்கு போய் பாறையில தன்ன பாதுகாப்பா கட்டிக்கற ஆங்கர் போட்டதும் "சேஃப்"னு கத்துவாரு, அதுக்கப்புறம்தான் கீழ இருக்கறவர் பிலே பிளேட்லருந்து கயிற எடுத்துட்டு "ஆஃப் பிலே"ன்னு சொல்வாரு. மேல இருக்கறவர் மிச்ச கயிற இழுப்பாரு, அது உங்க இடுப்புல வந்து இறுகினதும் "தட்ஸ் மீ". அவரு கயிற தன் பிளேட்ல போட்டுட்டு "கிளைம்ப் வென் யூ ஆர் ரெடி"ன்னு சொல்வாரு. நீங்க "கிளைம்பிங்"னு சொல்லணும், அவரு "ஓகே" சொல்லணும், அப்புறம் கால எடுத்து வைங்க. கயிறு இறுகிடுச்சேன்னு நடுவுல ஏற ஆரம்பிச்சீங்கன்னா அந்த நேரம் கயிறு யார் கையிலயும் இல்லாம இருக்கலாம். பாப்புலர் எண்ட்ல ஒரே நேரத்துல பத்து கயிறு தொங்கும், பத்து பேர் "சேஃப்"னு கத்துவாங்க, அதனால கூடவே பேரையும் சேர்த்துக் கத்தணும், உங்க பேர் நீளம்னா சுருக்கி ஒண்ண முன்னாடியே சொல்லி வைங்க. ஏறுறப்ப கயிறு தொளதொளன்னு இருந்தா "டேக் இன்", ரொம்ப இழுத்துச்சுன்னா "ஸ்லாக்".

கையால தொங்காதீங்க, கால் பாருங்க. முன்கால் ரப்பர பாறையில பரவலா அழுத்தி, குதிகால கொஞ்சம் இறக்கி, எடைய அது மேல போடுங்க. பயத்துல எல்லாரும் பாறையோட கட்டிப்பிடிச்சு படுப்பாங்க, அப்ப எடை கால்லருந்து போயிடும், வழுக்கும். உடம்ப கொஞ்சம் வெளிய தள்ளி நிமிர்ந்தா பிடிப்பு வரும். நம்ப கஷ்டமாத்தான் இருக்கும், தரையிலருந்து ஒரு அடி உயரத்துல பழகிப் பாத்துட்டு போங்க. வெடிப்பு வந்தா உள்ளங்கைய உள்ள விட்டு கட்டைவிரல உள்ள மடக்குங்க, கை உப்பி இறுகி நிக்கும், இதுக்கு ஜாம்னு பேர். புறங்கைத் தோல் கொஞ்சம் போகும், டேப் சுத்திக்கலாம்.

நட்ஸ எடுக்கறப்ப போன வழியே பின்னால தள்ளணும், கீழ இழுத்தா இன்னும் இறுகும். நட் கீங்கற நட்ஸ எடுக்கற கம்பி வச்சு ரெண்டு தட்டு. அஞ்சு நிமிஷம் போராடியும் வரலன்னா விட்டுட்டு மேல போய் சொல்லுங்க, வேற யாராவது எடுப்பாங்க, உங்க முன்கை செத்துப் போறத விட அது மேல். எடுத்தத உடனே ஹார்னஸ்ல மாட்டிடுங்க, வாயில வைக்காதீங்க.

உச்சியில கால் வச்சதும் எல்லாருக்கும் ஒரு குஷி வரும், உடனே முடிச்ச அவுக்கறது அங்கதான் நடக்குது. விளிம்ப விட்டு நல்லா உள்ள தள்ளி வந்து, லீடர் சரின்னு சொன்னதுக்கப்புறம் அவுங்க. இறங்க பக்கத்துல நடந்து வர்ற வழி இருக்கும்.

கீழ உங்க முறை வர்ற வரைக்கும் பஃபர் ஜாக்கெட் போட்டு, குல்லா போட்டு, டீ குடிச்சுட்டு, கால உதறிட்டே இருங்க. கிளைம்பிங் ஷூவோட சேத்துல நடக்காதீங்க. மூணு நாலு ரூட்டு ஏறினா ஒரு நாளைக்கு தாராளம். பிடிக்கலன்னா ஏற வேணாம், ஹிகர் டோர் பக்கம் போற நடை குரூப்போட சேர்ந்துக்கலாம், யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

ஏதாவது ஆச்சுன்னா

999 போட்டு முதல்ல போலீஸ் கேளுங்க, அவங்ககிட்ட மவுண்டன் ரெஸ்க்யூன்னு சொல்லுங்க. நேரா ஆம்புலன்ஸ்னு கேட்டா ரோடு இருக்கற இடம் வரைக்கும்தான் யோசிப்பாங்க. வர்றவங்க எல்லாம் வாலண்டியர், ஒரு பைசா வாங்க மாட்டாங்க. கிரிட் ரெஃபரன்ஸ், அதாவது மேப்ல உங்க இடத்துக்கான எண், சொல்லணும், மேப் ஆப்ல இருக்கும், கூடவே பாறை பேரும் ரூட்டு பேரும். சிக்னல் மோசமா இருந்தா மெசேஜ் போய்ச் சேரலாம், ஆனா அதுக்கு முன்னாடியே "ரெஜிஸ்டர்"ங்கற இங்கிலீஷ் வார்த்தைய 999க்கு அனுப்பி பதிவு பண்ணியிருக்கணும், வீட்டுல உக்காந்து இன்னைக்கே பண்ணிடுங்க. விசில்னா ஒரு நிமிஷத்துல ஆறு தடவை, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஆறு.

எட்டாம் படி: இறங்கி வீட்டுக்கு

நாலரைக்கு கிளம்பினா பர்பேஜ் பிரிட்ஜ், அப்புறம் 434 மீட்டர் ஹிகர் டோர், அதுக்கு கீழ கார்ல் வார்க்ங்கற பழைய கல் கோட்டை, அங்கருந்து ஓடையோட பேட்லி கோர்ஜ். ஓக் மரமும் பாசியுமா இருட்டா இருக்கும், வேர் எல்லாம் வழுக்கும், நாள் முழுக்க பாறையில தப்பிச்ச கணுக்கால் இங்கதான் மடங்கும், களைப்புல யாரும் கால பாக்கறதில்ல. கிரிண்டில்ஃபோர்ட்ல ரயில் அடிக்கடி வராது, திரும்பற டைம காலையிலயே எழுதி வைங்க.

வீட்டுக்கு போனதும் குளிக்கறதுக்கு முன்னாடி டிக் பாருங்க, அதாவது உண்ணி. பிராக்கன்ங்கற பெரணிச் செடிக்குள்ள நடந்தவங்களுக்கு ஒட்டும், முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், முடி ஓரம். இருந்தா ட்வீசரால தோலுக்கு ஒட்டி பிடிச்சு நேரா மெதுவா மேல இழுங்க, எண்ணெய் தடவறது, தீக்குச்சி வைக்கறது எல்லாம் வேணாம். அடுத்த சில வாரத்துல அந்த இடத்துல வட்டமா சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ உங்க டாக்டர் ஜிபிகிட்ட டிக் கடிச்சதுன்னு சொல்லுங்க, லைம் நோய்க்கு ஆன்டிபயாடிக் இருக்கு.

கிளப்போட சாமான் உங்ககிட்ட தங்கிடுச்சான்னு பைய கொட்டிப் பாருங்க, காரபினர் ஒண்ணாவது இருக்கும், அன்னைக்கு ராத்திரியே குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க. ஈரமான கயிற சுருட்டி வைக்காம நிழல்ல தொங்க விடுங்க. ஷூவ ஹீட்டர் மேல வைக்காதீங்க, பசை விட்டுடும், உள்ள பழைய பேப்பர சுருட்டி வச்சா காலையில காஞ்சிருக்கும்.